யெத்தோவின் கல்யாணக் கார் நின்ற இடம்

யாருமே பிரேக்கை மிதிக்காதபோது, இறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு காரை நிறுத்தியது எது? யெத்தோவின் கல்யாண நாளன்று மலைச்சாலையில் நின்றிருந்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்தது. எனக்கும் வந்தது, பதில் தெரியவில்லை. யெத்தோவின் தாய்மாமன் மீமூனுக்கும் அன்று தெரியவில்லை. ஆனால் எங்களைப் போல அவர் அந்தக் கேள்வியை வழியில் விட்டுவிட்டுப் போகவில்லை. இது அவருடைய கதை.

மீமூன் மலையடிவார ஊரான அஸ்ரூவில் பழைய கார்களைப் பழுது பார்ப்பவர். பெரிய பாறைக்குப் பின்னால் அவருடைய கொட்டகை இருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, காதை அதனருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது பேசினால் அவருக்குப் பிடிக்காது. மற்றபடி நிறையப் பேசுவார், தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போடுவார். பிரேக்கைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் மசூதிக்குள் பேசுவதுபோலக் குரல் தணியும்.

"இங்க ஒரு கால் மிதிக்குது. அங்க நாலு சக்கரத்துலயும் ஒரே நேரத்துல பிடி விழுது. நடுவுல இருக்கிறது ஒரு டம்ளர் எண்ணெய், அவ்வளவுதான். இத்தனை வருஷமா பாக்குறேன், இன்னும் ஆச்சரியம் அடங்கல" என்பார்.

கொட்டகைக்கு ஒரு விதி வைத்திருந்தார். காருக்குள் ஒரு துணி, ஒரு விரிப்புகூட இருக்கக் கூடாது. தரை இரும்பு தெரிய வெறுமையாக்கிக் கொண்டுவர வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் நெய்த கம்பளியில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதிக்க முடியாது. அந்தப் பயத்தில் வந்த விதி அது.

கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டும் ஹம்முவின் கார் கறுப்புநிறப் பிரெஞ்சுக் கார். ஹம்முவைவிட வயது கூடியது. பெடல்கள் மேலிருந்து தொங்காமல், தரையிலுள்ள நீண்ட துளைகள் வழியாகச் செடிபோல மேலே வரும். மலைக்கிராமத்துப் பெண்கள் புகுந்த வீட்டுக்குப் போவது அந்தக் காரில்தான். அம்மா வீட்டை விட்டுப் புறப்படும் பெண்ணின் கால் வழியில் இரும்பைத் தொடக் கூடாது என்பது வழக்கம். அதனால் அம்மா நெய்த கம்பளத்தைக் காருக்குள் விரிப்பார்கள். முன்பெல்லாம் பின்சீட்டுக் காலடியில் மட்டும்தான். யாரோ ஒரு வீட்டார் நீளமாக நெய்து, முன்சீட்டுக்கு அடியில் நுழைத்து டிரைவர் காலடி வரைக்கும் விரித்தார்கள். அதற்குப் பிறகு எந்த வீடு குறைத்துக்கொள்ளும்?

யெத்தோவின் அம்மா தூதா குளிர்காலம் முழுக்கத் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. கணவர் இல்லை, ஒரே மகள். விரல் புதையும் அளவுக்குக் கம்பளி வைத்து நெய்திருந்தாள்.

கல்யாணத்தன்று ஊர்வலம் ஹார்ன் அடித்துக்கொண்டு இறங்கியது. தேவதாரு மரங்களுக்கு நடுவே சாலை வளையும் இடத்தில் ஹம்முவின் கார் மெதுவானது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின்தான் உறுமியது. சக்கரங்களிலிருந்து கருகிய வாசனை வந்தது, புகை வந்தது, அப்புறம் கார் நின்றேவிட்டது. இறங்கிப் பத்துப் பேர் தள்ளினார்கள். இறக்கத்தில்கூட அசையவில்லை. ஹார்ன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, பறையும் ஓய்ந்தது. மரத்துக் குரங்குகள் இறங்கி வந்து சாலையோரத்தில் உட்கார்ந்து மணப்பெண்ணைப் பார்த்தன. தொழுகிறவர்கள் தொழுதார்கள், மற்றவர்கள் பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்தார்கள். அதற்குப் பிறகு ஹம்மு சும்மா கைப்பிரேக்கை எடுத்துப் பார்த்தான். எதுவுமே நடக்காததுபோலக் கார் உருண்டது.

"சத்தியமா நான் காலை வைக்கல" என்று ஹம்மு எல்லோரிடமும் சொன்னான். அப்படிச் சொன்னதுதான் வினையாயிற்று.

அந்தக் கோடையில் இன்னும் சில பெண்கள் அதே காரில் போனார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதனால் பழி காரை விட்டுவிட்டு யெத்தோமேல் இறங்கியது. மாமியார் ஹத்தா கெட்டவள் இல்லை, ஆனால் பயந்தவள். பால் திரிந்தால், ஆட்டுக்குக் குட்டி தங்காமல் போனால், "இரும்புக்கே தெரிஞ்சிருக்கு, வேண்டாம்னு நின்னுச்சு. நாமதான் தள்ளிக் கூட்டிட்டு வந்தோம்" என்பாள். கடைசியில் ஒருநாள், "ஆப்பிள் பறிப்பு முடிஞ்சதும் அவ கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு நீளம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மீமூன் காரைக் கொட்டகைக்கு வரவழைத்தார். ரப்பர் குழாய் உள்ளே வீங்கியிருந்தால் எண்ணெய் போகும், திரும்பி வராது. குழாய்களை மாற்றினார். வாஷர்கள் உப்பியிருந்தாலும் பிடி விடாது. வாஷர்களை மாற்றினார். டிரம்களைக் கழற்றி ஸ்பிரிங்குகளை இழுத்துப் பார்த்தார். பிறகு ஆட்களின் எடைக்கு வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, அதே இறக்கத்தில் மறுபடியும் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். கார் சமர்த்தாக ஓடியது.

"வெங்காயத்துக்கு ராசி நல்லாயிருக்கு போல" என்றான் ஹம்மு.

"வாயை மூடு. குறை இருக்கு. நான் பாக்குறப்ப ஒளிஞ்சுக்குது."

"காருக்கு வெக்கமா என்ன?"

மீமூன் சிரிக்கவில்லை. காருக்கு வெட்கம் கிடையாது. அப்படியானால் கல்யாணத்தன்று இருந்த ஏதோ ஒன்று இன்று இல்லை. அது யெத்தோவாக இருக்கக் கூடாதே என்று மனதுக்குள் ஒரு மூலை நடுங்கியது. அவரும் அதே மலையில் பிறந்தவர்தானே.

அவர் நேராக ஹத்தாவின் வீட்டுக்குப் போனார்.

"அக்கா, அன்னைக்கு கார்ல என்னென்ன இருந்துச்சோ அத்தனையும் வேணும். யெத்தோவை ஒரு மத்தியானம் அனுப்புங்க."

"எதுக்கு? மறுபடியும் நிக்க வைக்கவா?"

"ஆமா. நின்னாத்தான் பிடிக்க முடியும்."

"நிக்கலன்னா?"

"நிக்கலன்னா அவமேல குத்தம் இல்லன்னு ஆச்சு."

"நின்னா?"

மீமூன் உள்ளங்கை எண்ணெயைச் சட்டையில் துடைத்தார். ஹத்தா, "நானும் வரேன் தம்பி. என் கண்ணால பாக்கணும்" என்றாள்.

யெத்தோ கம்பளத்தைச் சுருட்டி எடுத்து வந்தாள். அதைப் பார்த்ததும் மீமூன் பின்வாங்கினார். "அது வேண்டாம்மா. என் கை பூரா எண்ணெய். பாழாயிடும்."

"அன்னைக்கு இருந்ததெல்லாம் வேணும்னு நீதானே சொன்னே? கம்பளமும்தான் இருந்துச்சு. விரி" என்றாள் ஹத்தா.

விரித்தார்கள். மீமூன் செருப்பைக் கழற்றிவிட்டு முன்சீட்டில் கூனிக் குறுகி உட்கார்ந்தார். பின்னால் மாமியாரும் மருமகளும். ஹம்மு ஓட்டினான். இறக்கம் தொடங்கியது. வளைவுக்கு வளைவு பிரேக் வேலை செய்தது. பேச்சு குறைந்தது. தேவதாருக்களுக்கு நடுவே வந்ததும் எஞ்சின் உறுமியது. அதே கருகிய வாசனை. கார் நின்றது, கிட்டத்தட்ட அதே இடத்தில்.

"நான் சொல்லல?" என்றாள் ஹத்தா. ஆனால் குரலில் வெற்றி இல்லை. யெத்தோ தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

மீமூன் குதித்து இறங்கினார். முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்தார். சக்கரத்தின் உள்பக்கம், பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு இருக்கும். அதில் ஸ்பேனரை மாட்டி மெல்லத் திருப்பினார். எண்ணெய் சீறிக்கொண்டு வந்தது. பெடலை ஒருவர் மிதித்துப் பிடித்திருந்தால் மட்டுமே அப்படி வரும்.

"ஹம்மு, காலை எடுய்யா."

"எந்தக் காலை? நான் உன் பக்கத்துலதானே நிக்கிறேன்."

மீமூன் திரும்பிப் பார்த்தார். ஹம்முவின் இரண்டு கால்களும் சாலைத் தூசியில் இருந்தன. பிடி விட்ட கார் முனகிக்கொண்டு கல்லின்மேல் சாய்ந்தது. உள்ளே டிரைவர் சீட்டில் யாரும் இல்லை.

"யாரோ மிதிச்சுட்டு இருக்காங்க" என்றார் மீமூன். குரல் மசூதிக் குரலாகிவிட்டது. ஹம்மு ஓர் அடி பின்னால் போனான்.

மீமூன் திருகை மூடிவிட்டு, அந்த யாரோவைப் பார்க்கப் போனார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து முழங்காலிட்டு, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்தார்.

கம்பளம் இறக்கத்தில் முன்னால் நழுவியிருந்தது. ஹம்முவின் குதிகால் வேறு அதை வழியெல்லாம் தள்ளிக்கொண்டே வந்திருந்தது. அதன் தடித்த விளிம்பு சுருண்டு, தரையிலிருந்து எழும் பிரேக் பெடலின் தண்டில் சாய்ந்திருந்தது. ஓர் அரிசியளவு, அதற்குமேல் இல்லை, பெடல் திரும்பி வர முடியாமல் நின்றது. பெடல் முழுதாகத் திரும்பினால்தான் உள்ளே எண்ணெய் தொட்டிக்குப் போகும் சின்னத் துளை திறக்கும். திறக்காவிட்டால் எண்ணெய் அடைபட்டு நிற்கும். பிடி விடாத பிரேக் தேயும், சூடாகும். சூட்டில் எண்ணெய் விரிந்து இன்னும் இறுக்கும். ஆறினால் தானாக விட்டுவிடும். மற்றப் பெண்களின் கம்பளங்கள் கோடைக்கு நெய்தவை, மெல்லியவை. அவை பெடலிடம் வந்ததும் மடங்கிப்போயின. தூதாவின் கம்பளம் மடங்கவில்லை. கொட்டகைக்குள் கம்பளம் வரக் கூடாது என்ற விதியோ, அவர் தேடிய ஆளை ஒவ்வொரு முறையும் வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தது.

மீமூன் எழுந்து, சிந்திய அளவுக்கு எண்ணெயை நிரப்பினார். "அதே மாதிரி ஓட்டு. கம்பளத்தைத் தொடாதே" என்று மட்டும் ஹம்முவிடம் சொன்னார். கீழே சாலையோர ஊற்றைத் தாண்டியதும் கார் மறுபடி இறுகி நின்றது. கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு ஹத்தாவை டிரைவர் பக்கம் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க கையாலயே அந்த விளிம்பைக் கொஞ்சம் தூக்குங்க."

"என்னை எதுக்குப்பா இதுல மாட்டி விடுறே?"

"ரெண்டு விரல் போதும்."

ஹத்தா 'பிஸ்மில்லா' சொல்லி, இரண்டு விரலால் கம்பளியைப் பின்னுக்குத் தூக்கினாள். பெடல் துளியூண்டு எழுந்தது. காருக்கு அடியில் யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். பத்துப் பேர் தள்ளியும் அசையாத அந்த இரும்பு முழுவதும் மெதுவாக நகர்ந்து கல்லின்மேல் வந்து சாய்ந்தது.

ஹத்தா விரல்களைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். மறுபடி விரல்களைப் பார்த்தாள். மரத்தில் காற்று மட்டும் போனது.

"இவ்வளவுதானா?" என்றாள் கடைசியில்.

"இவ்வளவுதான் அக்கா" என்றார் மீமூன். அவர் கண் கலங்கியிருந்தது. ஓர் எண்ணெய்த்துளி திரும்பிப் போகும் வழி, அதை அடைக்க ஓர் அம்மாவின் கம்பளி. இத்தனை பெரியது இத்தனை சின்னதில் நிற்கிறதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

ஹத்தா மருமகள் பக்கம் திரும்பினாள். "உங்க அம்மா எதுக்குடி இவ்வளவு கம்பளி போட்டா?"

"நம்ம வீட்டுத் தரை குளிருமாம் அத்தை. எனக்குக் கால் சில்லிடக் கூடாதுன்னு."

"ம். பொண்ணை விட மனசில்லாம நெய்திருக்கா" என்று ஹத்தா கம்பளத்தைத் தானே உருவி எடுத்து, மண் படாமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. கார் புறப்பட்டதும் முன்சீட்டைத் தட்டினாள்.

"ஹம்மு, அன்னைக்கு ஹார்ன் பாதியில நின்னுபோச்சு. இன்னைக்கு எங்க வீட்டு வாசல் வரைக்கும் அடி."

"கல்யாணம்தான் முடிஞ்சுதே?"

"அடிடான்னா."

அடித்துக்கொண்டே போனான். ஆப்பிள் பறிப்பு முடிந்தது, யெத்தோ எங்கும் போகவில்லை. மீமூனின் கொட்டகையில் விதி மாறியது. கார் எப்படி ஓடியதோ அப்படியே, விரிப்போடு உள்ளே வரவேண்டும். எண்ணெய்க் கறைக்காகத் திட்டு வாங்குவது இப்போது அவர் வேலையில் ஒரு பகுதி.

ஆனால் 'காரை நிறுத்திய மணப்பெண்' என்ற பேச்சு அதற்கு முன்பே பஸ்ஸேறி மலையைத் தாண்டிப் போய்விட்டது. செவ்வாய்ச்சந்தைக்கு வருகிறவர்கள் இன்னும் அதைக் கேட்கிறார்கள், அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று. காரணம் அவ்வளவு வேகமாகப் போகவில்லை. அதனால் இதைப் படித்தவர்கள், யாராவது அந்தப் பாதிக் கதையைச் சொல்லக் கேட்டால், மீதிப் பாதியையும் சொல்லி அனுப்புங்கள்.