மழையில் சரிந்த மண்பேழை

அதை முதலில் பார்த்தவர்கள் மாட்டுத் தொட்டி என்றுதான் நினைத்தார்கள். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தின் அடியில், ஈர மண்ணுக்குள், செங்கல் நிறத்தில் ஒரு விளிம்பு தெரிந்தது. தொல்பொருள் ஆய்வாளர் பள்ளத்தில் இறங்கி, மண்டியிட்டு, விரலாலேயே மண்ணைத் தள்ளினார். விளிம்புக்குக் கீழே குட்டைக் குட்டையாகக் கால்கள் வரிசையாக வெளிப்பட்டன. "தொட்டி இல்லப்பா. இறந்தவங்களை வச்சுப் புதைச்ச பெட்டி. எந்தக் காலத்துதோ" என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. திருத்தணிக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் இடையிலுள்ள சில ஊர்களுக்குக் குடிநீர் கொண்டுபோகும் வேலையில் நான் ஓவர்சியர். பள்ளம் நீள நீளக் கூடவே நடந்து, பழைய பொருள் ஏதும் அகப்படுகிறதா என்று பார்க்க ஆய்வாளரைச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, வெட்டிப் போட்ட மண்ணைக் கிளறியபடி நடப்பார். கோடை முழுக்க நடந்தும் பானை ஓடுகளைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. ஆட்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தப் பெட்டியைக் கண்ட அன்று யாரும் சிரிக்கவில்லை.

நிலத்துக்காரம்மா ஓடிவந்தார். இரண்டு வருடமாக மழை பொய்த்து, ஊர்க் கிணறு வற்றி, பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்துகொண்டிருந்த சமயம். "எங்க நைனா காலத்துலருந்து தண்ணிக்கு அலைஞ்சிகினு கீறோம். இப்ப வந்து வேலைய நிறுத்துனா எப்படி சார்?" என்று என்னைத்தான் கேட்டார். நான் ஆய்வாளரைப் பார்த்தேன். பெட்டியை அப்படியே தூக்கினால் உடைந்துவிடும், அதை எடுக்கத் தெரிந்தவர்கள் வர வேண்டும், நாளைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொண்டால் போதும் என்று அவர் கெஞ்சும் குரலில் சொன்னார். அந்த அம்மா பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரொம்பச் சின்னதா கீதே. கொயந்தையா சார்?"

"அப்படித்தான் தோணுதும்மா."

அவர் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு, "ஆங், எடுத்துக்கோங்க. மெதுவா எடுங்க" என்றார். யாரும் கிட்டே போகாமல் அவரே அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்.

ஆய்வாளர் ஆர்.கே.பேட்டைக்குப் போய்ச் சென்னைக்குப் போன் செய்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் ஆட்கள் வருவதாகச் சொன்னார்களாம். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அந்தப் பிற்பகலில்தான் மலைப்பக்கம் இருண்டது.

அப்படி ஒரு மழை. தார்ப்பாயை நானும் அவரும் இரண்டு பக்கமும் பிடித்தோம். காற்று பிடுங்கிக்கொண்டு போனது. மேட்டு நிலத்துத் தண்ணீரெல்லாம் பள்ளத்தைத் தேடி வந்தது. அவர் உள்ளே குதித்து, கையால் மண்ணை அள்ளி அள்ளி அணை போட்டார். கரை மொத்தமாகச் சரிந்தபோது ஆட்கள்தான் அவரை இழுத்து வெளியே போட்டார்கள். ஊருக்குள் ஒரே கூச்சல், சிரிப்பு. ஒவ்வொரு கூரைக்குக் கீழும் குடம், அண்டா, தவலை. நிலத்துக்காரம்மா தொப்பலாக நனைந்து சிரித்துக்கொண்டே ஓடிவந்தவர், அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மழ சார்..." என்றார், தானே ஏதோ தப்புச் செய்ததுபோல.

"நல்ல மழைம்மா. பெய்யட்டும்" என்றார் அவர்.

மறுநாள் வந்தவர்கள் உடைந்த பெட்டியின் ஓட்டுத் துண்டுகளைச் சாக்கில் கட்டினார்கள். எலும்பென்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. யாராவது உடைத்திருந்தால் ஆய்வாளர் கோபப்பட்டிருக்கலாம். கோபப்படக்கூட ஆள் இல்லை. சாக்குகளோடு திருத்தணி ஸ்டேஷனில் ரயில் ஏறும்வரை வழக்கம்போலச் சிரிக்கத்தான் முயன்றார்.

குழாயில் தண்ணீர் விட்ட அன்று, யாரும் அழைக்காமலே ஆய்வாளர் வந்திருந்தார். கூட்டத்தில் நிலத்துக்காரம்மா ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்தார். முழுவதையும் குடித்துவிட்டு, அந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். மூவரும் போனோம். பள்ளம் மூடி, நிலமெங்கும் வேர்க்கடலை ஒரே பச்சையாக நின்றது. அந்த அம்மா ஓர் இடத்தைக் காட்டினார். நான் வேறோர் இடத்தைச் சொன்னேன். அவர் இரண்டு இடத்திலும் சற்று நேரம் நின்றார்.

இன்று அந்த வழியில் பஸ்ஸில் போகும்போது எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரிவதில்லை.