தமயந்தி மேடம் குறைத்த விலை

போன வாரம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டாக் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் தமயந்தி மேடம் பெயர். எடுத்ததும் வழக்கம்போல, "இன்னா மேடம், இந்தத் தடவ என் கணக்குல எங்க ஓட்ட கண்டுபுடிச்சீங்க?" என்றேன். மறுமுனையில் அவருடைய மகளின் குரல் வந்தது. "அங்கிள், அம்மா காலைல போய்ட்டாங்க." நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "அம்மா போன்ல உங்க பேர ‘எதிர்க்கட்சி ஆடிட்டர்’னுதான் போட்டு வெச்சிருக்காங்க" என்று அழுகைக்கு நடுவே சொன்னாள்.

அவர் வைத்த பெயர் சரிதான். நாங்கள் ஒரே பக்கம் நின்று வேலை பார்த்ததே இல்லை. பெயர் பெற்ற ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, வாலாஜாபாத்தில் வீட்டின் முன்னறையை அலுவலகமாக்கி, கம்பெனிகளுக்கும் பங்குகளுக்கும் விலை கணித்துச் சொல்லும் மதிப்பீட்டாளராக உட்கார்ந்தவர் அவர். அவரோடு மோதியவர்கள் இதைப் படிக்கும் ஆடிட்டர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஸ்கூட்டர் பெட்டியில் எப்போதும் ஒரு ஜோடி சேஃப்டி ஷூ வைத்திருப்பார். புடவைக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டு அவர் நடந்து வருவதைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும், அப்புறம் நம் கணக்கை இன்னொரு தடவை புரட்டிப் பார்க்கத் தோன்றும்.

நான் அவரை முதலில் சந்தித்தது ஸ்டீபனின் பங்கு விவகாரத்தில். வல்லம் வடகாலில் ஸ்டீபனும் தேவராஜும் சேர்ந்து தொடங்கிய சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி அது. கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புத் தாங்கிகளை அடித்துக் கொடுப்பார்கள். பங்குகளில் நூற்றுக்கு எழுபது தேவராஜுக்கு, முப்பது ஸ்டீபனுக்கு. ஸ்டீபன் மாரடைப்பில் திடீரென்று போய்விட, அந்த முப்பதும் அவர் மனைவி மேரிக்கு வந்தது. கம்பெனி விதிப்படி அதை வெளியாளுக்கு விற்க முடியாது, தேவராஜுக்குத்தான் விற்கவேண்டும். பத்திரத்தில் ஒரு பங்கு பத்து ரூபாய் என்று அச்சடித்திருந்தது. அது தொடங்கிய நாளில் போட்ட முகமதிப்பு, இன்றைய விலைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. தேவராஜ், "பத்து ரூபா பேப்பருக்கு முப்பது தரேம்மா, மூணு மடங்கு" என்றார். வீட்டுக் கடன் பாக்கி, காலேஜில் இரண்டு பிள்ளைகள். மேரி கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார். கோயிலில் பக்கத்து பெஞ்சில் உட்காரும் ஓர் அம்மா தடுத்து, தமயந்தி மேடத்திடம் கூட்டிப்போனார். நான் தேவராஜின் ஆடிட்டர்.

மேரியும் மேடமும் என் அலுவலகத்துக்கு வந்த அன்று நான் கொஞ்சம் மிதப்பாகவே கேட்டேன், "உங்க பங்கு எவ்ளோனு தெரியுமாம்மா?" மேரி பவ்யமாக, "எங்க பங்கு அந்தோணியார் கோயில் பங்குங்க சார். பெரிய பங்கு, நானூறு குடும்பம் கீது" என்றார். கத்தோலிக்கர்களுக்குப் பங்கு என்றால் அவர்கள் கோயிலைச் சேர்ந்த சபை என்பது எனக்கு உறைக்கச் சில நொடி ஆனது. என் உதவியாளர் சிரித்துவிட்டார், நானும்தான். தமயந்தி மேடம் சிரிக்கவில்லை. "அதுவும் பங்குதாம்மா. அது எத்தன பேர் வந்தாலும் கொறையாது. இது ஆள் அசந்தா கொறஞ்சிடும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் பார்த்தது மேரியை அல்ல, என்னை.

மற்ற மதிப்பீட்டாளர்கள் பேலன்ஸ் ஷீட்டைக் கேட்பார்கள். இவர் முதலில் உற்பத்தி லைனைப் பார்க்கவேண்டும் என்றார். ஷூவை மாட்டிக்கொண்டு பிரஸ் மிஷின்களுக்கு நடுவே அரை நாள் நின்றார். ஆபரேட்டர் ஒருவரிடம், "இது எத்தன ஷிப்ட் ஓடுது தம்பி?" என்று கேட்டார். "மூணுங்க. OT வேற" என்றார் அவர். என் கணக்கில் அந்த மிஷினின் தேய்மானமெல்லாம் முடிந்து மதிப்பு பூஜ்யத்துக்கு வந்திருந்தது. "சார், உங்க புக்குல செத்தது இங்க OT பாக்குதே" என்றார் என்னிடம். சேரப்பணஞ்சேரி பக்கம் கம்பெனி பெயரில் வாங்கிப் போட்டிருந்த நிலத்தையும் பழைய கிரய விலையிலேயே காட்டியிருந்தேன். சட்டப்படி தவறில்லை என்றேன். "தப்புன்னு நான் சொல்லவே இல்லியே" என்று சொல்லி, இன்றைய விலையை விசாரித்து எழுதிக்கொண்டார். முப்பது ரூபாய் பங்கு அன்று சாயங்காலத்துக்குள் எங்கேயோ ஏறிவிட்டது.

தேவராஜுக்கு எரிச்சல் தாங்கவில்லை. கம்பெனி கேட்டில், டீக்கடையில், கல்யாண வீட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஸ்டீபன் இன்னா வேல செஞ்சான்? சும்மா வந்துகினு போய்கினு இருந்தான். லைன பாத்துகினது நான்" என்று சொல்ல ஆரம்பித்தார். அது மேரியின் காதுக்கும், பிள்ளைகளின் காதுக்கும் போனது.

இரண்டு வாரம் கழித்து மேடம் தன் அறிக்கையோடு தனியாக வந்தார். மேரிக்கு நல்ல விலைதான் போட்டிருந்தார். ஆனால் கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு பெரிய தொகையைக் கழித்திருந்தார். கம்பெனிக்கு வரும் ஆர்டரில் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. அந்த வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது ஸ்டீபன், அனுப்பிய பார்ட்டில் குறை வந்தால் ஓடிப்போய்ச் சரிசெய்து தக்கவைத்ததும் ஸ்டீபன். அவர் போனபிறகு புதிய பார்ட்டுக்கு ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. அதனால் இவ்வளவு கழிவு. எதிர்த் தரப்பில் இருந்த என் கண்ணிலேயே இது படவில்லை.

"மேடம், நீங்க அந்தம்மா பக்கம்தானே? நான் கேக்கவே இல்லியே?"

"பக்கம் பாத்து ரோடு தாண்டலாம் சார். வெல போட முடியாது."

"அந்தம்மா ஒத்துக்கிட்டாங்களா?"

"மொதல்ல அவங்ககிட்டதான் படிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவ படிக்கச் சொன்னாங்க" என்றார். அவருக்கும் அது ஏன் என்று அப்போது புரிந்திருக்கவில்லை.

கையெழுத்து நாளன்று தேவராஜ் கழிவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். பிறகு காரணத்தைப் படித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்துப் போடவேண்டும். என் பக்கம் சாய்ந்து, "ஆடிட்டர் சார், கழிவ வெச்சிகினு இந்தக் காரணத்த எட்த்துட முடியாதா?" என்றார் மெதுவாக. மேடத்துக்குக் காது கேட்டுவிட்டது. "காரணத்த எடுத்தா கழிவும் போயிடும் சார். ஸ்டீபன் சும்மா வந்து போனார்னா, அவர் போனதுல கம்பெனிக்கு ஒண்ணும் கொறயலயே." தேவராஜ் அந்தப் பக்கத்தை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். இருபது வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் அவர்கள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. அந்த நிமிடம் ஸ்டீபனைப் பற்றி அவர் பேசித் திரிந்ததால் எனக்கு அவர்மேல் இருந்த கசப்பு போய்விட்டது.

எல்லாம் முடிந்ததும் மேரி, "அக்கா, இந்த ஒரு பக்கத்த மட்டும் எனக்குத் தனியா ஒண்ணு குடுங்க" என்றார்.

"இது உனக்குக் கொறச்ச பக்கம்மா."

"தெரியும்க்கா. அவுரு இல்லாம எவ்ளோ கொறயுதுன்னு இதுலதான கீது. தேவராஜண்ணன் கையெழுத்தும் கீது. என் பசங்க இதப் படிக்கணும்க்கா."

தமயந்தி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். அதற்குப் பிறகு அவரோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். அப்படி அவரைப் பார்த்தது அன்று மட்டும்தான்.

வாலாஜாபாத்தில் அவர் உடலருகே நின்றிருந்தபோது மேரி வந்தார். வீட்டுக் கடன் அடைந்துவிட்டது, மூத்தவன் வேலைக்குப் போகிறான் என்று சொன்னார். பிறகு, "அக்கா இல்லாம எவ்ளோ கொறயும்னு யாரு சார் எழுதுவாங்க?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். நமக்குப் பாதகமானதை அடுத்தவர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் நாமே எழுதிவிடுவது. ஆகவே இதையும் எழுதுகிறேன். பத்து ரூபாய்ப் பத்திரத்துக்கு முப்பது தருவதாகச் சொன்னால் அந்தம்மா நம்பிவிடுவார் என்ற யோசனை தேவராஜுடையது அல்ல. அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். மேரியம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது.