பெர்லிதாவின் முழு நிமிடம்

பெர்லிதா டுமாரன் எங்கள் அறுவை சிகிச்சை வார்டில் பதினாறு வருடமாக நர்ஸ். எங்கள் ஊர் இலோய்லோவில் நர்ஸ் படித்தவர்கள் என்றைக்காவது ஒருநாள் விமானம் ஏறிவிடுவார்கள். பெர்லிதாவும் லண்டன் வேலைக்கு மூன்று முறை நேர்காணலுக்குப் போனாள். கேட்ட கேள்விக்கெல்லாம் யோசித்துப் பதில் சொன்னாள். மூன்று முறையும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நாற்பது நோயாளிக்கு நாங்கள் நான்கு பேர். காய்ச்சலும் ரத்த அழுத்தமும் கருவி சொல்லிவிடும். மூச்சைத்தான் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். அதனால் எல்லாருக்கும் இருபது என்று எழுதிவிடுவோம். உயிர் போய் அரைமணி நேரமான ஒருவருக்கும் இருபது என்று எழுதிய நாள் உண்டு. எழுதியது நான்தான்.

பெர்லிதா முழு நிமிடமும் எண்ணுவாள். அதற்காக நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். நாடி பார்க்கிறாள் என்று அவர் நினைப்பார். அவள் பார்ப்பது அவர் மார்பை. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் எவரும் மூச்சை மாற்றிவிடுவார்.

“மானாங், இவ்வளவு நேரம் கையப் பிடிச்சா அந்தாளு பாதிரியாரக் கூப்பிட்டு மோதிரம் போட்ருவாரு” என்பான் எங்களோடு வேலை பார்த்த ஹோவென். எங்கள் ஊரில் மானாங் என்றால் அக்கா.

“போட்டா போடட்டும். நீ அந்த அஞ்சாம் கட்டிலப் போய்ப் பாரு” என்பாள் அவள், கண்ணை எடுக்காமல்.

அந்த வியாழக்கிழமை பன்னிரண்டாம் கட்டிலில் இருந்தவர் ரெமெதியோஸ். சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் அம்மாள். குடலில் அடைப்பு, ஒரு துண்டை வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து ஐந்தாம் நாள். உதட்டுச்சாயம் பூசி, போனிலேயே கருவாட்டுக்கு விலை பேசி, கடையில் இருந்த மகளை விரட்டிக்கொண்டிருந்தார். காலையில் பெர்லிதா எண்ணியபோது மூச்சு பதினெட்டு. பன்னிரண்டு மணிக்கு இருபத்திநாலு. இரண்டு மணிக்கு இருபத்தெட்டு. காய்ச்சல் இல்லை. ரத்த அழுத்தம் பிரமாதம்.

“எப்படி இருக்கீங்க, நானாய்?” என்றாள் பெர்லிதா. நானாய் என்றால் அம்மா.

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். தோள்பட்டைதான் லேசா வலிக்குது. தலகாணி சரியில்ல.”

“ஒண்ணுக்குப் போனீங்களா?”

“காலைல ஒருவாட்டி. எதுக்குடி அதெல்லாம் கேக்குற?”

பெர்லிதா இளைய டாக்டர் லெஸ்டரிடம் போனாள். அவர் முப்பது மணி நேரமாகத் தூங்கவில்லை.

“அவங்க பயந்திருக்காங்க, சிஸ்டர். பயந்தா மூச்சு வாங்கும்.”

“அவங்க யாருக்கும் பயப்படலயே, டாக்டர். மகதான் அவங்களுக்குப் பயப்படுது.”

“ஆக்ஸிஜன் தொண்ணூத்தாறு இருக்கு. சாயங்காலம் பாக்கலாம்.”

திரும்பி வந்து மறுபடி எண்ணினாள். முப்பத்திரண்டு. கை சில்லிட்டிருந்தது. நாடி நூற்றிப்பதினெட்டு. ரெமெதியோஸ் போனை வைத்துவிட்டார். விலை பேசுவதை அவர் நிறுத்தி நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் மருத்துவமனையில் நர்ஸ் பெரிய டாக்டரை நேராக அழைக்கக் கூடாது. தலைமை நர்ஸ் வழியாகத்தான் போக வேண்டும். தலைமை நர்ஸ் கூட்டத்தில் இருந்தார். பெர்லிதா டாக்டர் ஹிலாடோவை நேராக அழைத்தாள். அவர் பேரனின் ஞானஸ்நான விருந்தில் இருந்தார். பின்னால் யாரோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். சுட்ட முழுப்பன்றியை வெட்டிப் பரிமாறும் நேரம்.

“டாக்டர், வார்டிலேர்ந்து பெர்லிதா. பன்னெண்டாம் கட்டில், குடல் தச்சு அஞ்சாம் நாள். மூச்சு காலைல பதினெட்டு, இப்ப முப்பத்திரண்டு. நாடி நூத்திப்பதினெட்டு. தோள்பட்ட வலிக்குதாம். காலைலேர்ந்து ஒரே தடவதான் ஒண்ணுக்கு.”

“பிரஷர்?”

“இன்னும் விழல. விழுறதுக்கு முன்னாடி நீங்க வரணும்.”

பாட்டு ஒரு வரி ஓடியது.

“நீயே எண்ணினியா?”

“காலைலேர்ந்து நாலு வாட்டி.”

விருந்துச் சட்டையோடே வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலியில் ரெமெதியோஸ் டாக்டரின் குடும்பத்தையே திட்டினார். நாற்பது நிமிடத்தில் அறுவை அரங்கு. தையல் ஓரிடத்தில் விட்டு, வயிறெல்லாம் சீழ். தோள்பட்டை வலித்ததும் அதனால்தான். சாயங்காலம்வரை காத்திருந்தால் கதை வேறு என்று டாக்டர் ஹிலாடோ லெஸ்டரிடம் சொன்னார். லெஸ்டர் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

பெர்லிதா துணி அறைக்குள் போய், படுக்கை விரிப்புகள் மேல் உட்கார்ந்துகொண்டாள். நானும் பின்னால் போனேன்.

“நான் தப்பா எண்ணியிருந்தா?” என்றாள்.

“தப்பா எண்ணலயே.”

“எண்ணியிருந்தா?”

தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் விதியை மீறியதற்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். “நோயாளியின் மூச்சு முப்பத்திரண்டு” என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள். இன்னும் விரிவாக எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். “நிமிடத்துக்கு” என்று சேர்த்தாள்.

ரெமெதியோஸ் பத்தொன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். தையல் ஆறும்வரை மலம் வயிற்றில் ஒட்டிய பையில்தான் வரும். அதை மாற்றக் கற்றுக்கொடுத்தது பெர்லிதாதான். முதல் தடவை பை நழுவி இருவர்மேலும் கொட்டியது. ரெமெதியோஸ் குனிந்து பார்த்தார்.

“என் கடைய விட மோசமா நாறுது” என்றார்.

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். பெர்லிதாவும் சிரித்தாள். வேலை நேரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு புதுப் பையை எடுத்தாள்.