கொப்பரையில் கொட்டிய தோல் உப்பு

ஆம்பூரில், தோல் பதனிடும் மண்டிகளுக்குச் சவ்வு சீவும் கத்தி செய்துகொடுத்த கோவிந்தசாமி ஆசாரியின் பட்டறையில், உப்புக் கொப்பரைக்கு முன்னால் நின்றவன் தனகோடி. நின்றவன் என்றால் சும்மா இல்லை, காலையில் கரி பற்றவைத்ததிலிருந்து சாயங்காலம் வரை அங்கேயேதான். சீமையிலிருந்து டின்னில் வந்த உப்பு கொப்பரையில் உருகித் தகதகவென்று கிடக்கும். அதற்குள் கத்தியைத் தொங்கவிட்டு, நிறம் பார்த்து எடுத்து, எண்ணெயில் அமுக்கினால் எஃகு இறுகும். அந்த ஆவி பட்டுப் பட்டு அவன் கண் எந்நேரமும் கோவைப்பழம். சோற்றில் உப்பு இருக்கிறதா என்பதுகூட நாக்குக்குத் தெரியாமல் போய்விட்டது.

விட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே என்பீர்கள். எப்படிப் போவான்? கோவிந்தசாமி அவனுக்குத் தாய்மாமன். தாய் தகப்பன் இல்லாதவனைத் தூக்கி வளர்த்து, பெண்ணையும் கொடுத்தவர். அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வந்தால்தானே! ஜோலார்பேட்டை ரயில் ஷெட்டில் பிட்டர் வேலைக்கு அவன் தோஸ்த் சாமுவேல் சொல்லிவைத்திருந்தான். பொங்கலுக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"நீங்களா வாயத் தொறக்க மாட்டீங்க. அப்பாவே தொரத்தினாத்தான் உண்டு," என்றாள் மனைவி மீனாம்பாள்.

அதைக் கேட்டதும் அவனுக்குப் பொறி தட்டியது. பெரிய மண்டி ஒன்றுக்கு அப்போது கத்தி தயாராகிக்கொண்டிருந்தது. அது கெட்டால் மாமா அவனைக் கொப்பரைப் பக்கமே அண்டவிட மாட்டார். மண்டியில், அழுகாமலிருக்க உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை உதறினால் உப்பு கொட்டும். மயிரும் ரத்தமும் சவ்வுமாய் மூக்கைத் துளைக்கிற உப்பு. அதில் ஒரு கோணி வாரிக்கொண்டு வந்தான். ஈரம் இருந்தால் கொப்பரை வெடித்து முகத்தில் அடிக்கும் என்பதால் இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்தான். கருகிப்போனதை, மாமா சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கொப்பரையில் கொட்டினான். புகை குமட்டியது. இந்தக் கண்றாவியில் முக்கின கத்தி எங்கே உருப்படப்போகிறது என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். மீனாம்பாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள்.

கத்தி போன மறுநாள் சாயங்காலம் மண்டி மேஸ்திரி பட்டறை வாசலில் வந்து நின்றார். தனகோடி திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னா ஆசாரி, இன்னா மாயம் பண்ணே? முன்னெல்லாம் அரை நாள்லயே மழுங்கிடும். இது இன்னும் அப்படியே சீவுது! இனிமே எல்லாம் இதே மாதிரி வேணும்."

வெறும் சீமை உப்பில் எஃகின் மேற்பரப்பு கரிச்சத்தை இழந்துகொண்டிருந்தது. கருகிய தோல் துணுக்கு அந்தச் சத்தைக் காத்துவிட்டது. பாவி மனுஷனுக்கு இது எங்கே தெரியும்!

மாமா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் கைதான்டா மாப்ளே இந்தப் பட்டற. வேற எவனையும் கொப்பரகிட்ட விடாதே," என்று உப்பறைச் சாவியை அவன் இடுப்பில் தானே செருகினார்.

தனகோடி வாயைத் திறந்தான். "சரி மாமா" என்றுதான் வந்தது.

வீட்டில் மீனாம்பாள் அந்தச் சாவியைப் பார்த்தாள். சாக்கை அவிழ்த்து, சோற்றுப்பானையை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் தனகோடி கோணியோடு மண்டிக்குத் தோல் உப்பு வாரப் போனான். பொங்கல் அன்றைக்கும் போனான். கண் முழுசாய் மங்குகிற வரைக்கும் போனான்.