மாமியின் நிரை

என் கணவரின் அம்மா நமுனுகுல பக்கத்தில் நாங்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். மாமா இளவயதிலேயே இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகளை வளர்த்ததும், கல்யாணம் செய்து வைத்ததும், எங்கள் லயத்து வீட்டு அறைக்குப் பின்னால் சமைக்கக் குசினி இழுத்துக் கட்டியதும் மாமிதான். எந்தப் பேரப்பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் போவது, ஆட்டை விற்பதா வைத்திருப்பதா என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். என் கணவருக்கு நாற்பத்தெட்டு வயது. இன்னமும் முடி வெட்டப் போவதென்றால் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் நானும் மாமியின் சொல்லுக்கு மறுசொல் சொன்னதில்லை. பயம் என்று சொல்லமுடியாது. எனக்கு யாரிடமும் சட்டென்று வாய் வராது.

ஓய்வு வயது தாண்டியும் மாமி கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை விடவில்லை. காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். கங்காணி மலையில் ஆளுக்கொரு நிரையாகச் செடி வரிசைகளைப் பிரித்துக் கொடுக்கும்போது, தனக்கு அடுத்த நிரையை எனக்கென்று மாமி கேட்டு வாங்குவார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில்தான் கவனித்தேன். மாமி கடந்துபோன செடிகளில் நடுவில் மட்டும் கொழுந்து எடுபட்டிருந்தது. இரண்டு ஓரத்திலும் அப்படியே நின்றது. மாமி ஒரு கொழுந்துகூட விட்டுப் போகிறவர் அல்ல.

கங்காணியும் பார்த்துவிட்டார். "என்னா ஆத்தா, ஓரத்துக் கொழுந்துக்கெல்லாம் லீவு குடுத்துட்டீங்களா?"

"ஒன் வாய்க்கு மொதல்ல லீவு குடுடா" என்றார் மாமி. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று தேத்தண்ணி நேரத்தில் மாமி என்னைத் தனியே கூப்பிட்டார். பக்கத்தில் இருப்பதெல்லாம் இருட்டாகத் தெரிகிறது, நேரே பார்த்தால் மட்டும்தான் தெரிகிறது என்றார்.

"வீட்ல சொல்லி டாக்டர்கிட்ட காட்டுவோம் மாமி."

"ஒருத்தருக்கும் சொல்லாத புள்ள. சொன்னா என்னைய இஸ்தோப்புல ஒக்கார வச்சிருவாங்க. எங்கக்காவ வச்ச மாதிரி."

அவருடைய அக்காவுக்கும் பார்வை போனது எனக்குத் தெரியும். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தே இருப்பார். சாப்பாட்டுத் தட்டு வந்தால் வாங்கிக்கொள்வார். சொந்தப் பேத்தி கல்யாணத்துக்குக்கூட அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் சொல்லவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் கங்காணியாவது ஒருநாள் கண்டுபிடித்திருப்பார். மாமிக்கு உதவி செய்வதாக நினைத்து நான் இன்னொன்றும் செய்தேன். மாமியின் செடிகளில் என் பக்கத்து ஓரத்தை எட்டிப் பறித்தேன். மாமி முன்னே போனதும் திரும்பி வந்து மற்ற ஓரத்தையும் எடுத்தேன். எடுத்ததை மாமியின் கூடையிலேயே போட்டேன். குறுக்கே மழைத்தண்ணீர் ஓடும் கான் வந்தால், "மழையில கான் நல்லா ஒடஞ்சிருக்கு மாமி" என்று அடுத்தவர்களுக்குச் சந்தேகம் வராதபடி சத்தமாகச் சொல்வேன். மாமி கால் வைக்கும் இடத்தைப் புரிந்துகொள்வார். ஒன்றரை வருடம் இப்படியே போனது. மாமியின் நிரையைப் போல் சுத்தமான நிரை மலையில் இல்லை என்று கங்காணி மற்றவர்களுக்குக் காட்டுவார். எனக்குள்ளே பெருமையாக இருக்கும். அதை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

பிறகு மடுல்சீமையில் என் அப்பா இறந்தார். காரியத்துக்காக ஐந்து நாள் அங்கே தங்கினேன். மூன்றாம் நாள் மாமி மலையில் கானுக்குள் விழுந்து மணிக்கட்டு முறிந்தது என்று கணவர் ஃபோனில் சொன்னார். கட்டுப் போட்டவர்கள் கண்ணையும் காட்டச் சொன்னார்களாம்.

பதுளை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். கண் டாக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தாதி தமிழில் சொன்னார். "கண்ணுக்குள்ள அழுத்தம் கூடுற வருத்தம் இது. போன பார்வை திரும்பி வராது. ஓரம் மங்கத் தொடங்கினப்பவே வந்திருந்தா, மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாத்தியிருக்கலாம். எவ்வளவு நாளா இப்பிடி?"

"இப்ப விழுந்ததுலதாங்க தெரியும் மிஸ்" என்றார் என் கணவர்.

தாதி மாமியைப் பார்த்தார்.

"இப்பதான்" என்றார் மாமி.

நான் மாமியின் ஆஸ்பத்திரித் துண்டுக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன். எனக்கு முன்பே தெரியும் என்பது இன்றுவரை என் கணவருக்குத் தெரியாது.

இப்போது மாமிக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். மருந்து விட நான்தான் இமையைப் பிடிப்பேன். அவர் பயந்தபடி நாங்கள் அவரை ஒதுக்கவில்லை. என் மகளைப் பெண் கேட்டு வந்தபோது கணவர் முதலில் அம்மாவின் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தார். "நீங்களே பாத்து செய்ங்க" என்றார் மாமி. கணவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே பதில். வெளியே வந்து என் கணவர் குழாயடியில் முகம் கழுவினார். அழுதிருக்கிறார் என்று தெரிந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மருந்து விட்டுக் கன்னத்தைத் துடைக்கும்போது என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே நான் வீட்ல சொல்லியிருக்கணும் மாமி."

"நாந்தானே சொல்லாதன்னேன்."

நான் மருந்துக் குப்பியை மூடினேன். மாமி கண்ணை மூடியபடியே இருந்தார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன்.

"ஏம் புள்ள" என்றார். குரலில் கோபம் இல்லை. "நான் சொன்னா அப்பிடியே கேட்டுருவியா?"

இத்தனை வருடத்தில் அவர் சொன்ன எதையும் நான் கேட்காமல் இருந்ததில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை.