கொழும்பில் பேசிய கன்னடம்

சுற்றுலாவை வளர்க்க, இந்தியர்கள் இலங்கையில் போய் இறங்கியதும் விசா வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த நாட்டு அரசாங்கம் சலுகை தந்திருந்த நேரம். ஓசூர் தொழிற்சாலையில் கூட வேலை பார்க்கிறவர்களைக் கூப்பிட்டேன். தீபாவளி லீவில் எல்லாரும் ஊருக்குப் போகிறவர்கள். எனக்கு ஊரில் ஆளில்லை என்பதால் நான் மட்டும் சர்வதேசப் பிரமுகர் ஆனேன்.

கொழும்பு விமான நிலையத்தில் அதிகாரி, கூட யார் வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். சீருடையைப் பார்த்தால் கன்னடத்தில் குழைவது கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் எனக்குப் பழகிப்போனது. தனியாகத்தான் வந்தேன் என்பதை, "ஒப்பனே பந்திதீனி சார்" என்றேன். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் மதுரை, வாயில் வேறு பாஷை. சந்தேகப்பட்டு ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

தமிழ் அதிகாரி ஒருவர் வந்தார். "தம்பி, தனியவோ வந்தனீங்கள்? கூட வர ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?"

"கிடைக்கலைங்க. என்னையே கெஞ்சித்தான் கூட்டிட்டு வந்தேன்."

சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். ஊர் திரும்பும்வரை என் பாஷையில் என்னைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இப்போதெல்லாம் தொழிற்சாலை மெஸ்ஸில் புது ஆள் தனியாகச் சாப்பிட்டால், தட்டோடு எதிரே போய் உட்கார்ந்து, எந்த பாஷை என்று விசாரித்துவிட்டுப் பேசுகிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். சிலர் சாம்பார் வாளியை என் பக்கம் நகர்த்துகிறார்கள்.