ரோஸம்மா சேச்சியின் டேப்

இன்று பள்ளுருத்தி பஸ்ஸில் ஏறும்போது இடது முட்டி ‘டக்’கென்றது. உடனே ரோஸம்மா சேச்சியின் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளில் மட்டாஞ்சேரியில் கால்பந்து ஆடி அந்த முட்டியைத் திருகிக்கொண்டேன். பிசியோதெரபி செய்த ரோஸம்மா சேச்சி, கணுக்காலில் மணல் பையைக் கட்டித் தினமும் ஐம்பது முறை காலைத் தூக்கச் சொன்னார். நான் அந்தப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து, “தெவசமும் செஞ்சியோ, எல்லா நாளும்?” என்று கேட்டார்.

“ஒருநாள்கூட விடலை சேச்சி.”

அவர் டேப்பை எடுத்து இரண்டு தொடைகளையும் அளந்தார். இடது தொடை ஒன்றரை அங்குலம் மெலிந்திருந்தது.

“கள்ளம் பறயண்டா, பொய் வேண்டாம். அப்போ இந்தக் கால் மட்டும் பட்டினி கெடந்ததோ?”

சிகிச்சை அறையே சிரித்தது, கழுத்துப் பட்டை போட்டிருந்த நோயாளி உட்பட.

அதன்பின் இரண்டு மாதம் அவர் கண்ணெதிரிலேயே காலைத் தூக்கினேன். தொடை தேறியது. டீமுக்கு ஓடினேன். என் இடத்தில் ஆடியவன் என்னைவிட நன்றாக ஆடிக்கொண்டிருந்தான். கேப்டன் என் கையில் லைன்ஸ்மேன் கொடியைக் கொடுத்தார்.

அந்த வருடம் எங்கள் டீமிலேயே பலமான தொடை கோட்டுக்கு வெளியேதான் ஓடிக்கொண்டிருந்தது.

பிசியோவிடம் பொய் சொல்லாதவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.